ஹெட்டைத் தூக்குவதற்கு முன்னால்: எந்தச் சோதனையை நம்பலாம்?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் எந்தப் பட்டறையில் போய் நின்று "தண்ணி குறையுது, வண்டி ஹீட் ஆகுது" என்று சொன்னாலும், பானெட்டைத் திறந்த அஞ்சாவது நிமிஷம் "ஹெட் கேஸ்கட்டுதாண்ணே, தூக்கிப் பார்த்திருவோம்" என்று பதில் வந்துவிடும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் பாகத்தை, தூக்கிப் பார்ப்பது சோதனை இல்லை, அதுவே பாதி ரிப்பேர். டைமிங் பெல்ட்டையோ செயினையோ கழற்றி, இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் பிரித்து, ஹெட் போல்ட்டை எல்லாம் எடுத்த பிறகு பழுது அங்கே இல்லை என்று தெரிந்தால், புது கேஸ்கட், புது போல்ட், ஆயில், கூலன்ட், கூலி எல்லாம் நம் கணக்கில்தான் ஏறும். அதனால் ஹெட்டைத் தொடுவதற்கு முன்னால் செய்யக்கூடிய சோதனைகளில் எது எதைக் காட்டிக்கொடுக்கும், எது ஏமாற்றும், எதற்கு முதலில் காசு கொடுக்கலாம் என்று பார்ப்போம். நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்கு இதில் சில விஷயங்கள் மாறும், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஹெட்டுக்கும், அதற்குக் கீழே சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். அது சிலிண்டருக்குள் எரியும் வாயு, என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றி ஓடும் கூலன்ட், மேலும் கீழும் போகும் ஆயில் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் வைத்திருக்கிறது. அது போவதிலும் பல வகை உண்டு: எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகலாம், கூலன்ட் சிலிண்டருக்குள் கசியலாம், கூலன்ட்டும் ஆயிலும் கலக்கலாம், பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டுக்கும் நடுவில் மட்டும் எரிந்து போகலாம், இல்லை சும்மா வெளியே ஒழுகலாம். எல்லா வகையையும் பிடிக்கிற ஒரே சோதனை என்று எதுவும் கிடையாது. "டெஸ்ட் பண்ணியாச்சு, கேஸ்கட் நல்லா இருக்கு" என்று ஒருவர் சொன்னால், எந்த டெஸ்ட் என்று கேளுங்கள்.

காசே செலவில்லாத சோதனை கண்ணும் மூக்கும்தான். அதில் நம்மூரில் ஒன்று நம்பகமானது, இன்னொன்று நம்பக்கூடாதது. சைலன்சரில் வரும் வெள்ளைப் புகை முதல் வகை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ காலையில் வெள்ளையாக வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, குளிரில் எந்த வண்டிக்கும் அப்படித்தான் வரும். இங்கே பங்குனி வெயிலில், என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் விடாமல் வெள்ளை ஆவி வந்து, கிட்டே போனால் இனிப்பு வாடையும் அடித்தால் அது கூலன்ட் எரிகிற வாடை என்று எடுத்துக்கொள்ளலாம். நின்று ரசித்து முகர வேண்டாம், கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு.

நம்பக்கூடாதது ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் தெரிகிற வெளிர் மஞ்சள் பசை. அதைக் காட்டித்தான் பாதிப் பேரைப் பயமுறுத்துகிறார்கள். தேவிபட்டினமோ கீழக்கரையோ, கடல் ஈரம் எப்போதும் காற்றில் இருக்கிற ஊரில், வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து பள்ளிக்கூடம் என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிற வண்டியில் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே படிகிற ஈரம் வெளியேற நேரம் கிடைக்காமல் ஆயிலோடு சேர்ந்து மூடியில் பசையாக ஒட்டுகிறது. பார்க்க வேண்டியது ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை. அதில் ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறி, அளவும் கூடியிருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. மூடி மட்டும் பசையாகி, டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால் மதுரை வரைக்கும் ஒருதரம் ஓட்டிவிட்டு வந்து, மூடியைத் துடைத்து, மறுபடி பாருங்கள். பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். ஆயிலும் கூலன்ட்டும் நிஜமாகவே கலந்திருந்தாலும் குற்றவாளி கேஸ்கட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. டீசல் வண்டிகள் பலவற்றில் கூலன்ட்டால் குளிரும் ஆயில் கூலர் இருக்கிறது, அது உள்ளே விட்டுப்போனாலும் இதே காட்சிதான்.

கையால் செய்கிற இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தது. ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில் காலையில் முதல் வேலையாக ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள், மெத்தென்று இருக்க வேண்டும். ஆறிப்போன வண்டியில் ஹோஸ் இன்னும் விறைப்பாக இருந்தால், அல்லது ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிஷத்திலேயே, தண்ணீர் சூடாவதற்கு முன்னாலேயே விறைத்துக்கொண்டால், உள்ளே வாயு அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். சூட்டினால் வருகிற அழுத்தத்துக்கு அவ்வளவு அவசரம் இருக்காது. மூடியைத் திறந்து வைத்துக் குமிழி பார்ப்பது இதைவிடக் கொஞ்சம் பலவீனமான சோதனை. சமீபத்தில் கூலன்ட் மாற்றிய வண்டியில் மாட்டிக்கொண்ட காற்றும் குமிழியாகத்தான் வரும், ஆனால் அது கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடிக்கொண்டே போகிற குமிழிதான் சந்தேகத்துக்கு உரியது. சூடான வண்டியில் மூடியைத் திறக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் வருஷா வருஷம் யாராவது ஒருவர் கையில் கட்டோடு திரிகிறார்.

இனி காசு கொடுத்துச் செய்யும் சோதனைகள். எனக்கு முதல் இடம் கூலிங் பிரஷர் டெஸ்ட். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு, பல கார்களில் 0.9 முதல் 1.1 பார் வரை, காற்றை ஏற்றிவிட்டு முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. இதை முதலில் வைப்பதற்குக் காரணம் நம்ம ஊர்தான். இங்கே தண்ணீர் குறைகிற வண்டிகளில் பாதிக்கு நோய் வேறு இடத்தில் இருக்கிறது. உப்புக் காற்று ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளைத் தின்று, விரலால் தொட்டாலே மாவாக உதிர்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஃபேன் மோட்டாரின் கனெக்டருக்குள் பச்சை பிடிக்கிறது. ஹோஸ் கிளிப் துருப்பிடித்து லூஸாகிறது. உள்ளே போர் தண்ணீர் ஊற்றிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், பருப்பு வேகாத தண்ணீர் ரேடியேட்டருக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளும்? பிரஷர் டெஸ்ட் செய்தால் இந்த வெளி ஒழுகல்கள் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும். ரேடியேட்டர் மூடியையும் அதே பம்பில் தனியாக மாட்டிச் சோதித்துவிடலாம். மூடியின் ரப்பர் காய்ந்துபோய், அழுத்தம் நிற்காமல், ஓவர்ஃப்ளோ வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த வண்டிக்கு ஹெட்டைத் தூக்கிய கதைகள் நம்ம பக்கம் நிறைய உண்டு.

இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் பொதுவாக ஒரு கால் மணி நேரம் பார்த்துவிட்டு "பிரஷர் நிக்குது" என்று கழற்றிவிடுவார்கள். கேஸ்கட் சந்தேகத்துக்கு அது போதாது. உச்சிப்புளியில் ஒரு சின்னப் பட்டறை, நண்பர் ஒருவரின் பழைய பெட்ரோல் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில விநாடி ஒரு சிலிண்டர் உதறும், அப்புறம் சரியாகிவிடும். கூலன்ட் வாரத்துக்குக் கொஞ்சம் குறையும், கீழே ஒரு சொட்டும் கிடையாது. கால் மணி நேரத்தில் முள் அசையவே இல்லை. "தம்பி, அப்படியே ராத்திரி விட்டுட்டுப் போறேன், காலையில பார்ப்போமா?" என்று நண்பர் கேட்டார். "விடுங்கண்ணே, பம்பு நமக்கு இப்ப வேற எதுக்கும் வேணாம்" என்றான் பையன். காலையில் முள் கிட்டத்தட்ட கீழே கிடந்தது, தரை காய்ந்தே இருந்தது. நாலு ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றினான். மூன்று பழுப்பு நிறம், இரண்டாவது மட்டும் நீராவியில் வெளுத்துப் போயிருந்தது. பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே" என்று சொல்லிச் சாவியைத் திருப்பினான். இரண்டாவது ஓட்டையிலிருந்து பச்சைக் கூலன்ட் பானெட் வரைக்கும் பீச்சி அடித்தது. கூலன்ட் எந்த சிலிண்டருக்குள் போகிறது என்பதில் அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு எச்சரிக்கை: ராத்திரி முழுக்க அழுத்தத்தில் வைத்த வண்டியை ப்ளக்கைக் கழற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் ஹெட்டோடு முடிய வேண்டிய செலவு முழு என்ஜினுக்கும் பரவும்.

இரண்டாவது இடம் நீல மருந்துக்கு. பிளாக் டெஸ்டர் என்று ஆன்லைனில் கிடைக்கிறது. ஒரு கண்ணாடிக் குழாய், மேலே ரப்பர் பந்து, உள்ளே ஊற்ற நீல நிற திரவம். என்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடியேட்டர் வாயில் வைத்துப் பந்தை அமுக்கி அமுக்கி மேலே நிற்கும் காற்றை இழுக்க வேண்டும். அதற்கு முன்னால், வண்டி குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து கொஞ்சம் கூலன்ட்டை எடுத்து மட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், சூடான பிறகு அதைச் செய்ய முடியாது. எரிந்த வாயு அங்கே வந்தால் அதில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு நீலத்தை மஞ்சளாக்கும். டீசல் என்றால் பச்சையோடு நின்றுவிடுவதும் உண்டு, ஐட்லிங்கில் டீசல் புகையில் கார்பன் டை ஆக்சைடு குறைவு.

வாயு கூலன்ட்டுக்குள் புகுகிற வகையை இதைப்போல நேரடியாகப் பிடிக்கும் சோதனை இல்லை, வீட்டிலேயே செய்யவும் முடியும். ஆனால் தப்பாகச் செய்வதற்கும் இதைப்போல வசதியான சோதனை இல்லை. மட்டத்தைக் குறைக்காமல் வைத்தால் கூலன்ட் குழாய்க்குள் ஏறி மருந்தைக் கெடுத்துவிடும், அந்த ரிசல்ட்டுக்கு மதிப்பே கிடையாது. பழைய மருந்து நிறம் மாறாமலே இருக்கும். அதனால் சோதனையை முடித்த பிறகு அதே குழாயைச் சைலன்சர் வாயில் காட்டி ஒருதரம் இழுங்கள், அங்கே நிறம் மாறினால்தான் மருந்து உயிரோடு இருக்கிறது. அடுத்தது சுமை. சில கேஸ்கட்டுகள் ஐட்லிங்கில் சமர்த்தாக இருந்து, என்ஜின் உழைக்கும்போது மட்டும் கசியும். மலையடிவார ஊர்க்காரர்கள் ஒரு ஏற்றம் ஏறிவிட்டு வந்து சோதிக்கலாம். நம்ம மாவட்டத்தில் ஏற்றம் என்று தேடினால் பாம்பன் ரோட்டுப் பாலம்தான் கிடைக்கும். அதனால் ஏசியை முழுக்கப் போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை கொஞ்சம் கியரைக் குறைத்தே ஓட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள். மூடியைத் திறக்கும் அளவுக்கு மட்டும் ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து வையுங்கள். ஓடும்போதே முள் ஏறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், சோதனைக்காக என்ஜினைப் பலிகொடுக்க வேண்டியதில்லை.

நீலம் நீலமாகவே இருந்தால் கேஸ்கட் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆயிலோடு கலக்கிற வகையையும், வெளியே ஒழுகுகிற வகையையும், உச்சிப்புளி வண்டி போலக் கூலன்ட் மட்டும் சிலிண்டருக்குள் மெதுவாக இறங்கும் வகையையும் அது தவறவிடலாம். மஞ்சளானால் மட்டும் அது பெரிய சாட்சி.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இங்கே தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இப்போதைய காமன் ரெயில் டீசல்கள் பலவற்றில் புகையைத் திரும்ப உள்ளே அனுப்பும் இ.ஜி.ஆர். அமைப்பில் கூலன்ட்டால் குளிரும் கூலர் ஒன்று இருக்கும். அது உள்ளே ஓட்டையானால் வெள்ளைப் புகை வரும், கூலன்ட் குறையும், கீழே சொட்டாது, சில வண்டிகளில் நீல மருந்துகூட நிறம் மாறிவிடும். அப்படியே ஹெட் கேஸ்கட்டின் முகம். ஆனால் அந்தக் கூலரைக் கழற்றித் தனியாக அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது ஹெட்டைத் தூக்கும் வேலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. டீசலில் இதைப் பார்க்காமல் ஹெட்டில் கைவைக்க நான் சம்மதிக்க மாட்டேன். மெக்கானிக் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று கேஜில் பார்க்கிற கம்ப்ரஷன் டெஸ்ட் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது, எல்லோரும் முதலில் செய்வதும் அதைத்தான். எனக்கு அது மூன்றாவது இடத்துக்குத்தான். பெட்ரோல் என்ஜினில் சுமார் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை காட்டும், அந்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு நடுவிலான வித்தியாசம்தான் முக்கியம், 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால், நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது என்று நல்ல நம்பிக்கையோடு சொல்லலாம். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் வால்வா, பிஸ்டன் ரிங்கா, கேஸ்கட்டா என்று அந்த கேஜ் சொல்லாது. தண்ணீர் கசியும் அளவுக்கு மட்டும் மெலிதாக விட்டுப்போன கேஸ்கட்டில் கம்ப்ரஷன் பக்காவாகக் காட்டும், அந்த ரிசல்ட்டை வைத்து "என்ஜின் சூப்பர்" என்று வண்டியை விற்றவர்களும் உண்டு. டீசலுக்கு அழுத்தம் ரொம்ப அதிகம், தனி கேஜ் வேண்டும். பெட்ரோல் கேஜை மாட்ட வந்தால் தடுத்துவிடுங்கள்.

லீக் டவுன் டெஸ்ட் இதைவிடப் பல படி மேல். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ப்ளக் ஓட்டை வழியாக கம்ப்ரசர் காற்றை ஏற்றி, அது எங்கே தப்பிக்கிறது என்று காதால் கேட்பது. ஆயில் மூடியில் சீறினால் ரிங், இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல், பக்கத்து ப்ளக் ஓட்டையில் வந்தால் நடுவில் எரிந்த கேஸ்கட். இவ்வளவு தெளிவாகப் பேசுகிற சோதனைக்கு ஏன் கடைசி இடம் என்றால், அதைப் பொறுமையாகச் செய்கிற ஆள் கிடைப்பது கஷ்டம். நேரம் எடுக்கும், உச்சியை ஒழுங்காகப் பிடிக்காவிட்டால் காற்று என்ஜினைச் சுற்றிவிட்டுவிடும். முதல் இரண்டு சோதனையும் ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னால் மட்டும் இதற்காக மதுரைக்குப் போவது நியாயம். ராமேஸ்வரத்துக்காரர்கள் அப்படிப் போவதாக இருந்தால் வண்டியை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும், ஓட்டிக்கொண்டு இல்லை.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறு எண்களைப் படிக்கிற ஸ்கேனர் பற்றிக் கேட்பார்கள். அதால் கேஸ்கட்டைப் பார்க்க முடியாது. பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் என்று மட்டும் தெரியும், ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் போனாலும் அதேதான் வரும். ஆனால் போனோடு இணைகிற சின்ன ஓ.பி.டி. கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். இப்போதைய சின்னக் கார்கள் பலவற்றில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு எரியும்போது விஷயம் கைமீறியிருக்கும். முள் இருக்கும் வண்டிகளிலும் அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். கருவியில் நிஜ எண் தெரியும். வழக்கமாக 85 முதல் 105 டிகிரிக்குள் நிற்கிற வண்டி அதைத் தாண்டி ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுக்க வைத்து, ஓரம் கட்டலாம். (ராமநாதபுரத்தில் ஹீட்டருக்கு வேறு என்ன வேலை இருக்கிறது!) ஹீட்டரில் சூடு வராமல் திடீரென்று குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் குறைந்துவிட்டது அல்லது உள்ளே வாயு அடைத்திருக்கிறது.

ஆக என் வரிசை இதுதான். பெட்ரோல் வண்டிக்கு முதலில் மூடி, ஹோஸ், டிப்ஸ்டிக். அப்புறம் ராத்திரி முழுக்கப் பிரஷர். அப்புறம் நீல மருந்து. டீசலுக்கு நடுவில் இ.ஜி.ஆர். கூலர். பிரஷர், நீல மருந்து இரண்டும் சேர்ந்து கேஸ்கட் என்று சொன்னால் லீக் டவுனுக்குக் காசு செலவழிக்காமல் நேராக ஹெட்டைத் தூக்கலாம். பட்டறைக்காரர் பிரஷர் பம்பே இல்லை என்று சொன்னால் பட்டறையை மாற்றுங்கள், அவ்வளவுதான். ரேடியேட்டரில் ஊற்றினால் கேஸ்கட் அடைந்துவிடும் என்று விற்கும் திரவங்கள் சோதனையும் இல்லை, ரிப்பேரும் இல்லை. ஓட்டையை அடைக்கிற அதே பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டர் கோரையும் அடைக்கும். நாளைக்கே பழைய இரும்புக்குப் போகிற வண்டி என்றால் ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஹெட் கழன்ற பிறகு பழைய கேஸ்கட்டைக் கேட்டு வாங்கி, சோதனை சொன்ன சிலிண்டரிலேயே தடம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கேயும் தடமே இல்லையென்றால் விரிசல் ஹெட்டிலோ பிளாக்கிலோ இருக்கலாம், புது கேஸ்கட்டை வைத்து மூட விடாதீர்கள், ஹெட்டை லேத்துக்கு அனுப்பி அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். தடம் இருந்தாலும் நேர்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவு பார்க்க வேண்டும். பல சின்ன என்ஜின்களில் 0.05 மி.மீ. தான் எல்லை, உங்கள் வண்டிக்கான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். போர் தண்ணீர் குடித்த ஹெட்டில் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி அலுமினியம் அரித்துப் பள்ளமாகியிருக்கும். உச்சிப்புளி வண்டியில் இரண்டாவது சிலிண்டர் ஓரத்துத் தண்ணீர் ஓட்டை, கேஸ்கட்டின் வளையம் உட்கார வேண்டிய இடம் வரைக்கும் அரித்துக்கிடந்தது, விரல் நகத்தை வைத்தால் பள்ளத்துக்குள் இறங்கியது. அப்படியிருந்தால் மேற்பரப்பைச் சீவிச் சமமாக்கும் ஃபேஸிங் மட்டும் போதாது, வெல்டிங் வைத்து நிரப்பித்தான் சீவ வேண்டும். டீசலில் கேஸ்கட்டின் கனம் வேறுபடும், பழையதில் இருக்கிற வெட்டுக் குறிகளை எண்ணி அதே கனம்தான் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இழுபட்டு நீளும் வகை ஹெட் போல்ட் என்றால் புதுசுதான் போட வேண்டும், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சோடு நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில். மூடிய பிறகு ரெடிமேட் கூலன்ட் ஊற்றுங்கள், அடர் கூலன்ட்டாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் கலந்து. வழியில் அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும் என்றால் கடையில் விற்கும் பாட்டில் தண்ணீர், தோட்டத்துக் குழாய்த் தண்ணீர் வேண்டாம்.